ஆயிரம் வாட்டு அண்ணாச்சி

குட்டி கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு ஒரே ஆசை. தன் வயித்துக்குள்ள ஆயிரம் வாட்டு பவர் சப்ளை இருக்குன்னு பக்கத்து டேபிள்காரன்கிட்ட பீத்திக்கணும். வாசல்ல நின்ன அறுநூறு வாட்டு பொடியனைத் திரும்பிக்கூடப் பாக்கல. மூச்சை இழுத்துப் புடிச்சு, ஆயிரம் வாட்டு அண்ணாச்சியை உள்ள விட்டுச்சு. அண்ணாச்சி உக்காந்தாரு. பின்னாடியே அவரோட வயருங்க கல்யாணக் கூட்டம் மாதிரி நுழைஞ்சு, கிராபிக்ஸ் கார்டோட ஃபேன் மேலயே ஏறி உக்காந்துச்சு.

கேம் ஆரம்பிச்சதும் ஃபேன் சுத்த முடியாம கார்டு கொதிச்சுது. "அண்ணே, கருகிடுவேன்ணே!"

"ஆயிரம் வாட்டுடா! பத்தலியா உனக்கு?"ன்னுச்சு கேபினெட்.

"எனக்கு முந்நூறே போதும்ணே, நீங்க எங்க கேட்டீங்க? காத்துதான் வேணும்!"

கேபினெட் அண்ணாச்சியை அனுப்பிட்டு, பொடியனைக் கூப்பிட்டுச்சு. "உன் வயரெல்லாம் எங்கடா?"

"வேண்டியத மட்டும் மாட்டிட்டு வந்தேன்ணே."

ஃபேன் சுத்துச்சு. இழுத்துப் புடிச்ச மூச்சை கேபினெட் அப்பதான் விட்டுச்சு.