கல்லுக்கென்று ஒரு ஜோடி

மேலேயிருந்து சறுக்கி வருவது மகள் செரைனாதான் என்பது துரிக்குத் தெரிந்தது. அவள் காலில் மாட்டியிருப்பதைத்தான் நம்ப முடியவில்லை.

சிவப்பு. பந்தயத்துக்கென்று வாங்கிய புதுப் பனிச்சறுக்குக் கட்டை.

எங்கடீன் மலைப் பள்ளத்தாக்கில் நவம்பரில் யாரும் நல்ல கட்டையைத் தொடமாட்டார்கள். பனி இன்னும் ஒழுங்காக விழவில்லை. இயந்திரம் தூவிய வெள்ளை நடுவில் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் புல்லும் கல்லும் பல்லை இளிக்கின்றன. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பழைய ஜோடி இருக்கும், கல்லில் தேய்வதற்கென்றே. செரைனாவின் பழைய கறுப்பு ஜோடியைக் காலையில் வாசலில் எடுத்து வைத்ததே துரிதான்.

அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டாளா? கறுப்புக்கும் சிவப்புக்குமா வித்தியாசம் தெரியாது?

சனிக்கிழமை, பனி கெட்டியாகக் கிடக்கும் உச்சி மலையில் மாகாணப் பனிச்சறுக்கு அணிக்குத் தேர்வு. தன் முழங்கால் நொறுங்கி நின்றுபோன ஓட்டத்தை மகள் ஓடி முடிப்பாள் என்று துரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஒரு வாரமாக அந்தச் சிவப்புக் கட்டை வேகமாக வழுக்க மெழுகு தேய்ப்பதுதான் அவனுக்கு வேலை. நேற்றுக்கூட அவள் பக்கத்தில் வந்து, “தேர்வைப் பத்தி ஒண்ணு பேசணும்ப்பா” என்றாள். “முதல்ல ஜெயிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டான்.

கர்ரென்று ஒரு சத்தம். கட்டை கல்லில் உரசியது.

மலையேற்றும் லிஃப்ட் வாசலில் நின்ற சிநேகிதன் குர்தின் சிரித்தான். “என்னடா, உன் பொண்ணு கீழ வர்றாளா, கல்லு பொறுக்குறாளா?”

“மேகம் மூடினா மேடு பள்ளம் தெரியாதுடா” என்றான் துரி. சொல்லும்போதே வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது.

அவள் வெள்ளைப் பட்டையை விட்டு ஓரத்துக்குப் போனாள். மறுபடி கர்ர். நடுவுக்கு வந்தாள். திரும்பவும் ஓரம்.

நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகிய பெண். துரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பனிக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதா? தலை சுற்றுகிறதா? ஐயோ, கண்ணிலேயே ஏதாவது கோளாறா? சனிக்கிழமைக்குள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தான். சே, பிள்ளைக்குக் கண் போகிறதென்றால் சனிக்கிழமையா பெரிது என்று உடனே தன்னையே திட்டிக்கொண்டான்.

செரைனா கீழே வந்து நின்றாள். கட்டைகளைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அடிப்பாகம் நெடுகக் கீறிக் கிடந்தது. ஓரத்து இரும்பு ஓரிடத்தில் பெயர்ந்தே வந்துவிட்டது.

துரி அதை வாங்கவில்லை. அவள் பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

“உண்மையைச் சொல்லு கண்ணு. கல்லு தெரியலையா உனக்கு?”

“தெரியுதுப்பா.” அவள் கட்டைகளை இன்னும் நீட்டியபடியே நின்றாள். “ஒரு கல்லக்கூட விடல.”