துண்டுக்குள் முடிந்த பேரம்

பச்சமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போட்டு, அதற்குள் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

மாட்டுத் தரகன். சந்தையில் துண்டுக்குள் விரலைத் தொட்டு முடியும் விலை வேறு, வெளியே சொல்லும் விலை வேறு. முதலாவது இரண்டு பேருக்கு. மற்றது ஊருக்கு.

"நீங்க சொன்னது இதுக்குள்ளயே இருக்கட்டும் சார். எங்கம்மா கேட்டா ஊசியாலதான்னு சொல்லிடுங்க."

அவனுடைய மூத்த குழந்தை, நாலு வயது மணிமொழி, சுழலும் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இதற்கு ஆட்டிசம் என்று பெயர், தடுப்பூசியும் காரணமில்லை, பெற்றவளும் காரணமில்லை, பிறக்கும்போதே மூளையின் வளர்த்தி அப்படி, ஏன் என்று எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

பச்சமுத்து அதை அப்படியே நம்பினான். மாட்டுக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். மனுஷனுக்கு முகம் போதும்.

"யாரும் காரணமில்லன்னா எங்க ஊர்ல வெல போவாது சார். எம் பொண்டாட்டி ஆண்டாளு வவுறுதான் சரியில்லன்னு எங்கம்மா எனக்கு வேற பொண்ணு பாத்துக்கினு கீது. ஊசின்னா பழி கவர்மெண்டு மேல. அது தாங்கும்."

"பொய்யாச்சேப்பா."

"பொய்தாங்க. அவ என் வூட்ல இருக்கணுமே."

டாக்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் அதற்கு அர்த்தம், முடிந்தது.

வெளியே வராந்தா நிரம்பியிருந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சி ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரங்களை அகற்றி, அன்றுதான் பஸ் விட்டிருந்தார்கள். தள்ளிப்போன ஊசிக்காகக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள்.

"ஊசிதானுங்களே?" என்று பச்சமுத்துவின் அம்மா பெரியநாயகி எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

டாக்டர் தரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெரியநாயகி மருமகளின் கையைப் பிடித்தாள். "உன்னப் போயி பேசிட்டனே, கண்ணு."

ஆண்டாள் அழுதாள். அப்படி யாரும் அவள் கையைப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

தூணோரம் இருந்த ஒருத்தி குழந்தையின் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். சண்டையில்லை, சத்தமில்லை. வராந்தா காலியானது.

"ஆண்டாள் குழந்தை, ஊசிக்கு உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

ஆண்டாள் இடுப்பிலிருந்த சின்னவளை மார்போடு இறுக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாங்க, வேணாம்தான?"

அவளுடைய இன்னொரு கையை அம்மா இன்னும் விடவில்லை. பச்சமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம்" என்றான்.