மார்த்தாவின் கேப்டன்

அன்று காலை இட்லி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் வாசகர் வட்டத்தையே இரண்டாக்கிய பழைய விண்வெளி நாவலுக்காக நானும் என் மனைவி மார்த்தாவும் சண்டை போட்டோம்.

“கேப்டனா அவன்? மரக்கட்டை!” என்றேன்.

“அவரப் போய் அப்படிச் சொல்றீங்களே! அவரு பேச்சுக்காகவே நாலு தடவ படிச்சேன்.”

மதியம் அவள் இதயம் நின்றுவிட்டது.

வாசிப்பவரின் மனத்துக்கேற்ப நாவல்கள் தங்களைத் திருத்திக்கொள்ளும் காலம் இது. அவள் அதில் அப்படி என்னதான் கண்டாள்? முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவளுடைய பிரதியைத் திறந்தேன்.

என் பிரதியின் கேப்டன் வாயே திறக்காத வீரன். அவளுடையவன் பக்கத்துக்குப் பக்கம் குறட்டை விட்டான். வியாழனைச் சுற்றிக்கொண்டே சாம்பாரில் உப்பில்லை என்று முணுமுணுத்தான். அச்சு அசல் நான். வீடு அதிரச் சிரித்தேன்.

முடிவு மட்டும் மாறவில்லை. இரண்டு பிரதியிலும் கப்பல் பத்திரமாகத் தரையிறங்குகிறது.