தெளிந்த தண்ணீர்

செயற்பொறியாளர் கண்ணாடித் தம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கேமராக்கள் கிட்டே வந்தன.

நான் அவர் காதருகே போய், "குடிச்சிடாதீங்க மாமா," என்றேன்.

ஆபீசில் அவர் எனக்கு சார். வீட்டில் என் அக்காவைக் கட்டியவர். பதற்றத்தில் உறவு முந்திக்கொண்டது.

அவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "தள்ளி நில்லு மாப்ள, போட்டோவுல விழற."

தள்ளி நின்றேன்.

போன வாரம் வரை இந்த ஏரி பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல இருந்தது. நீலப்பச்சைப் பாசி. கரையோரம் ஆடை கட்டி, அழுகி, மூக்கைப் பிடிக்காமல் யாரும் பக்கத்தில் போக முடியாது. ஊர்க் குழாய்களை மூடினார்கள். ஜனங்கள் குடத்தோடு தண்ணீர் லாரியைத் துரத்தினார்கள். அது டிவியில் வந்தது. மேலிடத்துக்குக் கோபம் வந்தது. பாசியின் மேல் இல்லை, டிவியில் வந்ததன் மேல்.

உடனே மாமா பாசியைக் கொல்ல மயில்துத்தம் வரவழைத்தார். சாக்கில் கட்டிப் படகுக்குப் பின்னால் தொங்கவிட்டு ஏரி முழுக்க இழுத்தார்கள். பாசி செத்தது. தண்ணீர் தெளிந்தது. பந்தலும் நாற்காலியும் வந்திறங்கின.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். அந்தப் பாசி தன் விஷத்தைத் தனக்குள்ளேதான் வைத்திருக்கும். மொத்தமாகக் கொன்றால் உடைந்து, அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிட்டுச் சாகும். நாறிக்கொண்டிருந்தபோது ஏரி யாரையும் ஏமாற்றவில்லை. இப்போதுதான் ஏமாற்றுகிறது. இந்த விஷத்துக்கு நிறம் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நேராக ஈரலுக்குப் போகும்.

நேற்று நான் செய்த சோதனையில் வந்தது அதுதான். நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன். இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

முடிவை மாமாவின் மேஜையில் வைத்தேன். விஷம் தானாகச் சிதைந்து குறையும்வரை குழாயைத் திறக்கவே கூடாது என்றேன். அவர் அதை முழுக்கப் படித்தார். எங்கள் ஆபீசில் அதுவே அபூர்வம். பிறகு ஜன்னல் வழியாக ஏரியைக் காட்டி, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்றார்.

எங்கள் துறையில் தண்ணீரைச் சோதிக்கும் முதல் கருவி கண். கடைசிக் கருவியும் கண். நடுவில் சும்மா ஒரு ஆய்வகமும், அதில் நானும்.

மாமா குடித்தார். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார். கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அக்காவின் முகம் வந்து நின்றது. கூடவே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த மனிதர்மேல் கொஞ்சம் மரியாதையும் வந்தது. தப்பான முடிவுக்காகத் தன் ஈரலையே கொடுக்கிற அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. சரியான முடிவுக்காகக் கொடுப்பவரையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நிருபரை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பாட்டுப் பொட்டலம் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

மேடையிலிருந்து மாமா கையசைத்தார். வால்வு திறக்கிறவர் சாவியைத் தூக்கிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி வாசலில் மறித்தேன். இன்றைக்கு மட்டுமாவது வேண்டாம், தண்ணீரில் விஷம் இருக்கிறது என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரியவரே குடிச்சிட்டாரு. அதுக்கு மேல நீங்க என்ன சார் டெஸ்ட் பண்ணிட்டீங்க?"

என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

ஊரைக் கைவிட்டேன். வீட்டையாவது காப்பாற்றலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டேன். மாமா ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் விடாதே என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

அக்கா நிதானமாக இருந்தாள்.

"டிவியில பாத்தேன்டா. அது நம்ம வீட்டுத் தண்ணி. காலையில நான்தான் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தேன். நேத்தே மாடிப்படி பூரா கேன் வாங்கி அடுக்கிட்டாரு. அவரு சொல்றவரைக்கும் குழாயில கையே வைக்கக் கூடாதாம்."

ஏன் என்று சொன்னாரா என்று கேட்டேன்.

"நீ டெஸ்ட் பண்ணியாமே. உன் தம்பி பண்ணா தப்பா இருக்காதுன்னு ஒரே பெருமை அவருக்கு."

பத்து வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

பம்ப் ஹவுஸுக்குள் இரும்பு கிறீச்சிட்டது. பெரிய குழாய் அதிர்ந்தது. தண்ணீர் ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கும் ரெண்டு கேன் தனியா எடுத்து வச்சிருக்காரு. பின்பக்கமா வந்து தூக்கிட்டுப் போ. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா ஏன், எதுக்குன்னு கேப்பாங்க."