முதல் வாளி

தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டால்தான் படத்தைத் தருவேன் என்று ராதிகா கறாராகச் சொல்லிவிட்டாள். அதுவும் இளஞ்செழியன் விழுந்தால் போதாதாம். அவனுடைய அப்பா ஆதிமூலம் விழ வேண்டுமாம்.

இளஞ்செழியனுக்குத் தலை சுற்றியது. கள்ளக்குறிச்சியில் அவன் தொடங்கப்போகும் சீர்திருத்தக் கட்சிக்குப் பெயர் தயார், கொடி தயார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு முன்னோடிதான் இல்லை. தெய்வசிகாமணி ஐயா அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தார்.

அந்தக் காலத்தில் ஒன்றியத் தலைவராக இருந்து, பொதுக்கிணற்றை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்ட மனிதர் அவர். பிள்ளைகுட்டி கிடையாது. எங்கள் சொத்து என்று சண்டைக்கு வர ஆளில்லை. அன்றைக்கு அவரை எதிர்த்துக் கதவைச் சாத்திக்கொண்டது ஆதிமூலத்தின் குடும்பம் என்ற பேச்சு மட்டும் ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்தக் கறையைக் கழுவத்தான் மகனுக்கு இப்போது அதே ஐயா தேவைப்பட்டார்.

ஆனால் சல்லடை போட்டுத் தேடியும் ஐயாவின் படம் ஒன்றுகூட அகப்படவில்லை. போட்டிக் கட்சிக்காரர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் படம் கிடைக்கிறதோ அவர்களுக்குத்தான் ஐயா என்ற நிலைமை. இளஞ்செழியன் வாட்ஸ்அப்பில் செய்தி பரப்பினான்.

திருக்கோவிலூரில் தையல் கடை வைத்திருக்கும் ராதிகா தேடிக்கொண்டு வந்தாள். "அந்தக் கெணத்துல மொத வாளி எறக்கினவரு படம் எங்க வூட்ல இருக்குதுங்க" என்றாள்.

படத்தைப் பார்த்ததும் இளஞ்செழியன் சொக்கிப்போனான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, யாருக்கும் பணியாத பார்வை. தலைவர் களை சொட்டியது. அவன் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த நிபந்தனையைச் சொன்னாள்.

எண்பது வயதிலும் ஆதிமூலத்துக்கு விறைப்பு குறையவில்லை. "கோயில்ல சாமிக்கே நின்னுக்கினுதான் கும்புடுவன். செத்தவன் கால்ல வுழணுமா?" என்று குதித்தார்.

விழாவிட்டால் படம் அடுத்த கட்சிக்குப் போய்விடும், தொகுதியும் அதோடு போய்விடும் என்று மகன் கெஞ்சினான். எம்.எல்.ஏ.வின் அப்பா என்று சொல்லிக்கொள்ளக் கிழவருக்கும் ஆசை இருந்தது. முனகிக்கொண்டே சம்மதித்தார்.

தொடக்க விழா மேடையில் மாலையும் சந்தனமுமாகப் படம் இருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஆதிமூலத்தின் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. கண்ணை இடுக்கிப் படத்தை உற்றுப் பார்த்தவர், "பாத்த மொகந்தான்" என்று முணுமுணுத்தார். பிறகு மெல்லக் குனிந்து, மண்டியிட்டு, உடம்பு முழுதும் தரையில் படக் கிடந்தார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. இளஞ்செழியனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக அப்பா வளைந்து கொடுத்து அவன் பார்த்ததே இல்லை.

எழுந்த கிழவருக்குக் கைதட்டல் போதையாக ஏறிவிட்டது. மைக்கைப் பிடித்து, தனக்கும் ஐயாவுக்கும் இருந்த சிநேகிதத்தை அளக்க ஆரம்பித்தார். "எத்தினியோ நாளு எங்க வூட்ல ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டு இருக்கோம்" என்றார். விசில் பறந்தது.

படம் தந்த புண்ணியவதியும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று இளஞ்செழியன் மைக்கை வாங்கி ராதிகாவிடம் நீட்டினான். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஆதிமூலத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இந்தப் படத்துல இருக்கற எங்க நைனா பிச்சைமுத்துக்கு நீங்க மாட்டுக்கொட்டாயில வெச்சி, கொட்டாங்கச்சியிலதாங்க கூழு ஊத்துவீங்க."