அப்பா வேஷம்

மகளை அழைத்துப் போக அன்று அவன் சீக்கிரமே வந்துவிட்டான்.

அவன் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுக்கு உதிரிப் பாகம் வந்து சேரவில்லை. சும்மா நிற்பது அவனுக்கு ஆகாத காரியம். சமூகக் கூடத்தின் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

டியூஷன் அறையில் பாடம் நடக்கவில்லை.

பிள்ளைகள் எழுதுவதற்கு மேஜையாக இருக்கும் பழைய டேபிள் டென்னிஸ் பலகையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பையன் இல்லாத தொப்பையைத் தடவிக்கொண்டு, இல்லாத போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒரே சிரிப்பு.

வெளியே ஜன்னலருகே சைக்கிள் கடைக்காரர் நின்றிருந்தார். மகளின் தோழிக்கு அப்பா. பார்த்தால் தலையாட்டுகிற அளவுக்குத்தான் பழக்கம்.

"என்ன நடக்குது?"

"வீட்டுக்கு அப்பா வர்ற மாதிரி நடிக்கணுமாம். அதுல என்னன்னா..."

அதற்குள் இவன் போன் அடித்தது. "பார்ட் வந்தாத்தான் வருவேன். சும்மா சும்மா கூப்பிடாதீங்க," என்று கடித்துத் துப்பிவிட்டு வைத்தான்.

கடைக்காரர் மீதியைச் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

முந்தாநாள் வீட்டில் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருந்தார். மகள் இன்று எதைச் செய்து காட்டப் போகிறாளோ. உள்ளே போய், அவசர வேலை என்று சொல்லி அழைத்து வந்துவிடலாமா? கதவுவரை போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான்.

மகளுக்கு முன் தோழியின் முறை வந்தது.

குட்டையான பெண். எழுந்ததும் கதவை அறைவதுபோல் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். "என் சாவி எங்க? இந்த வீட்ல ஒரு பொருள் வெச்ச எடத்துல இருக்கா?" ஒவ்வொருவராகக் கை நீட்டித் திட்டிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வந்தாள். கடைசியில் தன் பையிலிருந்தே சாவியை எடுத்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி இருந்தது. சாவி யாருக்குத்தான் தொலையாது?

அவள் நிறுத்தவில்லை. எதிரில் யாரோ சின்னவர்கள் நிற்பதுபோல் குனிந்து, அந்த முகத்துக்கு நேராகக் கத்தினாள். எதையோ எடுத்துச் சுவரில் வீசினாள். பிறகு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை எங்கிருந்து படிக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆளைப் பார்த்தால் பூனை மாதிரி இருக்கிறார். பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"புள்ளைங்கதானே. கொஞ்சம் கூட்டித்தான் நடிக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

கடைக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார்.

மகள் எழுந்தாள்.

அவன் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மகள் செருப்பை ஓரமாகக் கழற்றி வைப்பதுபோல் செய்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கினாள். புரட்டினாள். தலையைச் சொறிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலயே. நீ சொல்லிக் குடேன்."

அவ்வளவுதான். அப்புறம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையிடையே "ஓகோ" என்றாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்போதோ ஒருநாள் அப்படி உட்கார்ந்திருப்போம் போலிருக்கிறது. நினைவில்லை. பிள்ளைகள் நல்லதைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இனிமேல் வாரத்தில் ஒருநாளாவது சீக்கிரம் வந்துவிட வேண்டும்.

பக்கத்தில் கடைக்காரர் தனக்குள் சிரித்தபடி, கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

டியூஷன் மிஸ் கல்லூரியில் படிக்கிற பெண். கை தட்டிவிட்டு வட்டத்துக்கு நடுவே வந்தாள்.

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்க அவங்க அப்பாவப் பத்திச் சொன்னத, எவ்வளவு நல்லா காது குடுத்துக் கேட்டிருக்கீங்கன்னு பாக்கத்தான் இது. யாரோட அப்பாவ நடிச்சாங்களோ, அவங்க இப்ப சொல்லுங்க. சரியா இருந்துச்சா?"

முதலில் அவன் மகளைத்தான் கேட்டாள்.

மகள் தோழியைப் பார்த்து வெட்கத்துடன் சிரித்தாள். "சரியாத்தான் செஞ்சா மிஸ். கத்துறதுதான் கொஞ்சம் கம்மி."

கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னலில் அவன் மட்டும் நின்றான்.

கம்பியிலிருந்து கையை எடுப்பதற்குள் மகள் திரும்பிப் பார்த்துவிட்டாள். சிரித்த முகம் அப்படியே நின்றது. எழுந்தாள். பையை எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

என்ன முகத்தோடு நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்படி மாற்றுவது என்றும் தெரியவில்லை.

அந்தக் குட்டைப் பெண் அவனைப் பார்த்தாள், அவன் மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.