கழித்தது போக மீதி

“கரடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாம நில்லுங்க!” என்று கணக்கு டீச்சர் அதட்டியதும், எடை மெஷின் மேல் நின்ற அவர் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கரடி என்பது அவர்கள் வீட்டு நாய். உடம்பெல்லாம் முடி, முடியெல்லாம் உண்ணி. முந்தாநாள் தலையணை மேலேயே ஒன்று ஊர்ந்து போனதைப் பார்த்ததிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கரடியோடு நாய் டாக்டரிடம் ஓடினால், அங்கே எடை மெஷின் ரிப்பேர். டாக்டர் இரண்டு அட்டை மாத்திரையைக் கொடுத்தனுப்பினார். பத்திலிருந்து இருபது கிலோ வரை மஞ்சள் அட்டை, இருபதுக்கு மேல் என்றால் சிவப்பு அட்டை.

“யாராவது நாயைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறுங்க. வர்ற எடையில ஆள் எடையைக் கழிச்சிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. கண்ணால பார்த்து மதிப்புப் போட்டுடாதீங்கம்மா. மருந்து கூடிப்போனா வலிப்பு வந்துடும்.”

டீச்சருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய நாய்க்கான சொட்டு மருந்தைத் தன் குட்டை நாயின் முதுகில் ஊற்றிவிட்டு, அது மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்ததை நேரில் பார்த்தவர். கரடிக்கு அப்படி ஒன்று ஆனால் அவர் தாங்கமாட்டார்.

“தொண்ணூத்தி மூணு!” என்று குனிந்து படித்தார்.

ஆள் எடை கைவசம் இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மூன்று மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் கணவரைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்ப்பார். உள்ளேயிருந்தே எண்ணைக் கூவுவார். டீச்சர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதிக்கொள்வார். எண்பதில் ஆரம்பித்தது, போன ஞாயிறு எழுபத்திரண்டுக்கு வந்திருந்தது.

தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டும் பார்த்தார். முதலில் உள்கொழுப்புதான் கரையுமாம், வெளியே தெரிய நாளாகுமாம். டீச்சர் தலையாட்டிவிட்டு, அந்த வார எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார்.

“தொண்ணூத்தி மூணுல எழுபத்திரண்டு போனா இருபத்தொண்ணு!” டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரடியின் தடுப்பூசி அட்டையில் போன தடவை பதின்மூன்று என்றல்லவா இருந்தது!

“அடப்பாவி! பிஸ்கட் டப்பா எப்படிக் காலியாகுதுன்னு இப்பல்ல தெரியுது. நீங்க இறக்கினதையெல்லாம் இவன் ஏத்திக்கிட்டான்!”

“நான்தான் அப்பவே சொன்னேனே, இவன் திருட்டுப் பயன்னு” என்றபடி கணவர் நாயைக் கீழே விட்டார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

காலையில் சீப்புப் போட்டு உண்ணி எடுக்கும்போது, முடிக்கு அடியில் விலா எலும்பு விரலில் தட்டியது டீச்சருக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. எண் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் அவர் வேறெதையும் நம்பமாட்டார்.

போன் போட்டார்.

“இருபத்தொண்ணா?” டாக்டர் இழுத்தார். “பார்த்தா அப்படித் தெரியலையே. சரியாக் கழிச்சீங்களாம்மா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. “இருபத்தேழு வருஷமா கழித்தல் சொல்லிக்கொடுக்கிறேன், டாக்டர்.”

“கோவிச்சுக்காதீங்க. ஆள் எடை சரியானதுதானே?”

“ஃபிரிட்ஜ்ல ஒட்டியே வச்சிருக்கேன்.”

“அப்ப சிவப்பு அட்டையே கொடுத்துடுங்க.”

போனை வைத்ததும் கணவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். “மஞ்சளையே கொடுப்போமேம்மா. எதுக்கும் கொஞ்சம் குறைச்சலாவே இருக்கட்டும்.”

“குறைஞ்சா உண்ணி எப்படிச் சாகும்? நாளைக்கு உங்க காதுக்குள்ள ஏறும், பரவாயில்லையா?”

“மெஷின் பழசு. அது பாட்டுக்கு எதையாவது காட்டும்.”

“ஓஹோ! போன ஞாயித்துக்கிழமை எழுபத்திரண்டு காட்டினப்ப மட்டும் புதுசா இருந்துச்சாக்கும்?”

மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் கணவருக்கு நெற்றியில் வியர்த்தது.

“இன்னையிலேர்ந்து இவனுக்குப் பாதிச் சாப்பாடுதான்” என்று டீச்சர் தீர்ப்பு சொன்னார். “பிஸ்கட் கிடையாது. வாயைக் கட்டுறது எப்படின்னு உங்களைப் பார்த்தாவது கத்துக்கட்டும்.”

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற வரையில் புரிந்து, கரடி சந்தோஷமாக வாலை ஆட்டியது. கணவர் அதன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

டீச்சர் சிவப்பு அட்டையைப் பிரித்தார். மாத்திரையை வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டினார். சம்மணமிட்டு உட்கார்ந்து, கரடியின் தலையை மடியில் சாய்த்து, இடது கையால் அதன் தாடையைத் திறந்தார். அவரை நம்பி அது வாயை நன்றாகவே திறந்தது.

மாத்திரை நாக்கைத் தொடப்போன நேரம், கணவரின் கை பாய்ந்து வந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தது.

“போடாதேம்மா... அந்த எட்டு கிலோ என்னோடது.”